சிவப்பு மைப் பொட்டு

சோம்கட் சமஸ்தானத்தின் ராஜாவான ராவல் குலால் சிங் இருபத்தைந்து வருஷம் பதினொரு வயதிலேயே இருந்தார். மேல்வரிசையில் விழுந்த பால்பல் அத்தனை வருஷமும் திரும்ப முளைக்கவில்லை. நம் பக்கத்தில் மைனர் என்றால் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் செண்டு வாசனையும் நினைவுக்கு வரும். சோம்கட்டில் மைனர் என்றால் ஓட்டைப்பல்லும் காற்றாடி நூலும்தான். அரண்மனைத் தையற்காரர் தீபாவளிக்குத் தீபாவளி, வளரும் பிள்ளை என்று ஒரு பிடி கூட்டி அங்கி தைத்தார். நாலைந்து தீபாவளி போனதும் அளவு நாடாவையே வீட்டில் வைத்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் வருஷம் தவறாமல் ராவலைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலை முட்டும் இடத்தில் கத்தியால் கீறி வைப்பார். ஒரே இடத்தில் கீறிக் கீறி அங்கே விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் குளவி கூடு கட்டியது.

தகப்பனார் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது குலால் சிங்குக்குப் பதினொரு வயது. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை சமஸ்தானத்தின் நிர்வாகத்தைத் தங்கள் மேற்பார்வையில் சீர்திருத்தித் தருவதாகச் சொல்லித் துரைத்தனத்தார் ஹாலம் என்கிற ஏஜென்ட் துரையை அனுப்பிவைத்தார்கள். ஹாலம் துரையைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கூலியில்லாமல் ஆள்பிடித்து வேலை வாங்குவதை நிறுத்தினார். சூனியக்காரி என்று சொல்லிக் கிழவிகளை மரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதை நிறுத்தினார். அம்மை குத்த ஆள் போட்டார். ஆனால் சீர்திருத்தத்தில் கை ஊறிய மனிதருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. சோம்கட்டில் புது ராவல் சிம்மாசன மெத்தையில் உட்காரும்போது பீல்கள் என்கிற மலைவாசிகளின் தலைவன் அம்பு முனையால் தன் கட்டைவிரலைக் கீறி, அந்த ரத்தத்தால் ராவலின் நெற்றியில் பொட்டு வைக்கவேண்டும். மலையும் காடும் ஆதியில் பீல்களுடையவை. ராஜபுத்திரர்கள் பிறகு வந்தவர்கள். 'உட்காரு' என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகு உட்காருவதுதானே மரியாதை. குலால் சிங்கின் பட்டாபிஷேகத்தன்று துரை இதைக் கேட்டுவிட்டு, அநாகரிகம், சுகாதாரக் கேடு, இன்றோடு ரத்து என்றார்.

அன்றைக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அந்தச் சடங்குக்குக் குங்குமம் தேவைப்பட்டதே இல்லை என்பதால் சபையில் ஒருவரும் குங்குமம் கொண்டுவரவில்லை. முகூர்த்தம் தப்பப் பார்த்தது. புரோகிதர் கையைப் பிசைந்தார். துரையின் குமாஸ்தா, கணக்கில் தப்பைத் திருத்துவதற்கு வைத்திருந்த சிவப்பு மைப் புட்டியை நீட்டினார். துரை விரலை நனைத்துத் தம் கையாலேயே பொட்டு வைத்தார். எல்லோரும் ஜே போட்டார்கள். பீல் தலைவன் தாவா அதற்குள் விரலைக் கீறிக்கொண்டு தயாராக நின்றிருந்தான். அவன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மலைக்குத் திரும்பிப் போனான்.

அந்த மை பிறகு போகவில்லை. புளி, சாம்பல், சுண்ணாம்பு, சீமைச் சவுக்காரம் எல்லாம் தேய்த்துப் பார்த்தார்கள். பொட்டு அப்படியே இருந்தது, பிள்ளையும் அப்படியே இருந்தார். 'மைனர் நலம். சீர்திருத்தம் திருப்தியாக நடந்துவருகிறது' என்று ஹாலம் துரை மேலிடத்துக்கு எழுதினார். அவருக்குப் பின் வந்த துரைகளும் வருஷாவருஷம் அதே இரண்டு வரிகளை எழுதினார்கள். இரண்டும் உண்மைதான். மைனருக்குப் பதினெட்டு ஆனால்தான் அதிகாரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம். மைனரோ பதினொன்றைத் தாண்டுகிற வழியாக இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார் அதை வெளியே எடுப்பார்கள்?

ராவலுக்குப் பத்து வயதிலேயே கல்யாணம் ஆகியிருந்தது. பெண் கேசர் கன்வர் அவரைவிட ஒரு வயது இளையவள். பதினாறு வயதில் பல்லக்கில் வந்து அரண்மனையில் இறங்கினாள். முக்காட்டை விலக்கிப் பார்த்தபோது அவள் புருஷன் கைப்பிடிச் சுவர்மேல் ஏறிக் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தார். அன்று அவள் அழுதாள். மறுநாள் எழுந்து அவருக்குத் தலை வாரிவிட்டாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்பது அங்கேயும் உண்டு. குலால் என்றால் ஹோலிக்குத் தூவும் சிவப்புப் பொடி என்பதால், வண்ணப்பொடி வேண்டுமென்றால் அவள் 'அவங்க பேர்ப் பொடி' என்றுதான் கேட்பாள். வைவதுகூட மரியாதையாகத்தான்.

"கேசர், என் காத்தாடிய எவனோ அறுத்துட்டான்."

"அறுத்தா அறுத்துட்டுப் போறான். நீங்க மொதல்ல மூக்கச் சிந்துங்க. ஊரே பாக்குது."

அவளுக்கு இருபது ஆயிற்று, முப்பது ஆயிற்று. அவரோடு கோலி விளையாடியவர்கள் பேரன் எடுத்தார்கள். அவளுக்கென்று ஒரு பிள்ளையும் இல்லை, ஒரு புருஷனும் இல்லை. புருஷனே பிள்ளையாக இருந்ததால் யாரிடமும் முறையிடவும் வழியில்லை. பிறகு மழை பொய்த்த வருஷம் வந்தது. மலையில் ஜனங்கள் மரப்பட்டையை இடித்துத் தின்றார்கள். அரண்மனைக் களஞ்சியத்தில் மக்காச்சோளம் கூரை முட்டக் கிடந்தது. திறந்துவிடு என்று குலால் சிங் காவல்காரனிடம் போய் நின்றார். "பாப்ஜி, மைனர் வார்த்தை செல்லாது. துரை உத்தரவு வரணும்" என்றான் அவன். துரை நல்ல மனதோடு மேலிடத்துக்கு எழுதினார். உத்தரவு வந்து சேர்ந்தபோது அடுத்த மழை பெய்து முடிந்திருந்தது. தாவாவின் குடியிருப்பில் பாதிப்பேர் மிஞ்சவில்லை. ராவல் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "நான் பெரியவனாகணும் கேசர்" என்றார். அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை. கேசருக்கு நெஞ்சு வெந்துபோயிற்று.

தாவா தசராவுக்குத் தசரா கோட்டை வாசலில் வந்து நின்று, ராவலுக்குப் பொட்டு வைக்கவேண்டும் என்று கேட்பான். ஏஜென்ட் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக் காவல்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். இந்தமுறை கேசர் ஆள்விட்டு, தசராவுக்கு வேண்டாம், ஹோலிக்கு வா என்றாள். ஹோலியன்று துரை தம் வெள்ளைக் கால்சட்டையை நினைத்துப் பங்களாக் கதவைத் திறப்பதில்லை. ஊரில் சிவப்பு இல்லாத நெற்றியும் இருக்காது. நடுப்பகலில், ஊரே பார்க்க, தாவா முற்றத்துக்கு வந்தான். பீல்களின் பேச்சில் மரியாதைப் பன்மை கிடையாது. ராவலும் நீதான், ராணியும் நீதான்.

"வச்சா இவங்க ஒடனே என் வயசுக்கு வந்துருவாங்களா?" என்று கேட்டாள் கேசர்.

"அதெப்படி வருவான்? நின்ன எடத்துலேருந்துதான் நடக்கணும். மாடு படுத்துக் கெடந்தா அதுக்காக வழி நடந்துருமா?"

"அப்ப இவங்க ஆளாகையில நான் கெழவி."

"அதுக்கு நான் என்ன பண்ண? இன்னொண்ணும் கேட்டுக்க. என் ரத்தம் பட்டா மை மேல கெளம்பி வந்துரும். ஆனா சும்மா போவாது, எதுமேலயாவது ஒட்டிக்கிட்டாத்தான் போவும். ஒரு நாய்க்குட்டி மேல தடவிரு. அதும்பாட்டுக்குக் குட்டியாவே வெளையாடிக்கிட்டுக் கெடக்கும்."

குலால் சிங் ஓட்டைப்பல்லோடு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தாவா விரலைக் கீறிப் பொட்டு வைத்தான். மை எண்ணெய்போல மேலே மிதந்து வந்தது. கேசர் அதைத் தன் கட்டைவிரலால் வழித்து எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "எனக்குக் காத்திருந்து பழக்கம்" என்றாள். பிறகு நெற்றிச்சுட்டியை இறக்கி அதை மறைத்துக்கொண்டு, அவங்க பேர்ப் பொடியைக் கொண்டுவரச் சொல்லி எல்லோர் மேலும் தூவினாள்.

அந்த வாரமே பல் முளைத்தது. வருஷ முடிவில் டாக்டர் போட்ட கோடு குளவிக் கூட்டுக்கு மூன்று விரல் மேலே இருந்தது. மைனர் முன் அனுமதி பெறாமல் வளர்ந்திருக்கிறார் என்று ஏஜென்ட் அலுவலகம் விளக்கம் கேட்டது. விளக்கம் எழுதி அனுப்புவதற்குள் அவர் இன்னும் நாலு விரல் வளர்ந்துவிட்டார். அவருக்கு அரும்பு மீசை முளைத்ததும் கேசர் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். மூக்குச் சிந்திவிட்டவளை மறந்தால்தான் பெண்டாட்டியை நினைக்க முடியும் என்று அவள் எண்ணினாள். பல்லக்கில் ஏறும்போது, "கல்யாணத்தன்னிக்கு ஒங்களுக்கு என்னவிட ஒரு வயசு கூட. அந்தக் கணக்குக்கு வந்தப்புறம் கூப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினெட்டில் அவருக்கு அதிகாரம் வந்தது. மழை பொய்த்தால் யாரையும் கேட்காமல் களஞ்சியம் திறக்கவேண்டும் என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. பெரிய சமஸ்தானங்களிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "எனக்கு வீட்டுக்காரி இருக்கா. அவ நிக்கிறா, நான்தான் நடந்துபோய்ச் சேரணும்" என்று சொல்லி அனுப்பினார். தாய்வீட்டில் கேசருக்கு அண்ணன்மார் நரைத்தார்கள், அண்ணன் மக்கள் நரைத்தார்கள். அவள் முப்பத்தைந்திலேயே இருந்தாள். அவர் நின்ற வருஷம் எத்தனையோ அத்தனை வருஷம் அவளும் நின்றாள்.

முப்பத்தாறு முடிந்த மாதம் ராவல் தலைப்பாகையும் வாளுமாக, மேளத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் போனார். கேசர் முக்காட்டுக்குள் தலை குனிந்து நின்றாள். ராவல் ஊரார் முன்னாலேயே அவள் எதிரில் போய் நின்றார்.

"மூக்கச் சிந்திட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார்.

முக்காட்டுக்குள்ளிருந்து சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாவா அதற்குள் காலமாகியிருந்தான். அவன் மகன் கூடவே வந்து விரலைக் கீறி அவள் நெற்றியில் வைத்தான். மறுபடியும் அந்த மையை எதில் ஒட்டுவது என்ற கேள்வி. தனக்கு ஒருதடவை இருந்தது போதும் என்றார் ராவல். நாய்க்குட்டிக்கும் வளரும் ஆசை இருக்கும் என்றாள் கேசர். மையை விரல் நுனியில் ஏந்திக்கொண்டே சோம்கட்டுக்கு வந்து, மரியாதைக்குப் பார்க்க வந்ததாகச் சொல்லி ஏஜென்ட் அலுவலகத்தில் இறங்கி, வாசல் தூணில் தடவிவிட்டாள்.

அந்தத் தூணில் சுண்ணாம்பு இன்றைக்கும் பூசிய மேனிக்கு இருக்கிறது. துரைகள் போய், கொடி மாறி, இப்போது அது தாசில் அலுவலகம். அங்கே கொடுத்த மனு கொடுத்த இடத்திலேயே இருக்கும். வெளியூரார் கத்துவார்கள். சோம்கட்டுக்காரர்கள் கத்துவதில்லை, மையின் குணம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கேசருக்கு மறுவருஷம் ஒரு பெண் பிறந்தாள். அதற்கடுத்த ஹோலிக்கு, தலை வாரும்போது காதோரம் ஒரு வெள்ளை முடி தெரிந்தது. அவள் அதைப் பிடுங்காமல் ராவலிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று ஊர் முழுக்க வெல்லம் போட்ட கோதுமைப் பொங்கல் கொடுத்தார்கள். என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை.