கில்லாடியின் தட்டு

அந்தத் தட்டை வைத்துத்தான் என் தங்கச்சியின் புருவத்தை அவள் புருஷன் பிளந்தான். சாப்பாட்டுத் தட்டு இல்லை. டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் வட்டமாக ஒரு தட்டு, ஓரம் கூராக இருக்கும். அதைத் தூரத்திலிருந்து வீசி, இரும்புக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழவைக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் தன்னை அடிக்க ஆளே இல்லை என்று அவனுக்கு நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் அவனை ஜெயித்துத் தொலைத்துவிட்டாள். நாலு பேர் கைதட்டியும் தொலைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தட்டின் ஓரத்தாலேயே முகத்தில் ஓங்கி அடித்தான். எலும்பு தெரிந்தது என்று தையல் போட்ட நர்ஸ் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்தவள், துணிமணிகூட எடுத்து வரவில்லை. கைப்பைக்குள் அந்தத் தட்டு மட்டும் இருந்தது. அவனுக்கும் எனக்கும் என்றைக்குமே பேச்சுவார்த்தை கிடையாது. நான் ஊர் மாறியது அவனுக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் இவள் உயிருக்கு உத்தரவாதம். எங்கே போய் ஒளிந்தாலும் தேடிப் பிடித்துக் கொன்றுவிடுவேன் என்று அவன் சொல்லாத வாரமே இல்லையாம். சொன்னதைச் செய்கிற ரகம்தான் அவன்.

தட்டின் அடிப்பக்கம் கறுப்பு மார்க்கரில் 'கில்லாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே அவன் போன் நம்பர். இந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் இப்படி எழுதிவைப்பார்கள். புதருக்குள்ளே தட்டு தொலைந்துபோனால், கண்டெடுத்தவர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. தட்டு கைமாறினால் பழைய எழுத்தை அழித்துவிட வேண்டும், அல்லது அடித்துவிட்டுப் புது நம்பர் எழுத வேண்டும்.

"கில்லாடியாம் கில்லாடி! கிழிச்சான்," என்றேன். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் எனக்கு வேலை. பெயின்டைக் கரைக்கிற தின்னருக்கா பஞ்சம்? துணியை நனைத்துக்கொண்டே கேட்டேன். "குடுடி இங்க. ஒரே தேய்ப்புல ஆள் காணாமப் போயிடுவான்."

"வேண்டாம்க்கா. பேரு இருக்கட்டும்."

"எதுக்கு? ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

"சங்கிலியில போய் மோதணும். அவன் பேரோட."

நான் பிடுங்கப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் இறங்கிவிட்டது. என்னிடம் வந்த கையோடு இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாள் முழுக்க ஈரப் போர்வைகளை முறுக்கித் தூக்கிப் போட்டு, கை இரும்பாகிவிட்டது. கத்தினேன், திட்டினேன், உனக்கெல்லாம் மூளை இருக்கிறதா என்று கேட்டேன். கடைசியில் மார்க்கரை எடுத்து அந்த நம்பரின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்தாள்.

"போதுமா?"

"அது பளிச்சுன்னு தெரியுதுடி. உன் நம்பரையாவது பக்கத்துல எழுது."

"அவன் பேருக்குப் பக்கத்துலயா? செத்தாலும் எழுத மாட்டேன்."

இதற்கு மேல் அவளோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை.

ஞாயிறுதோறும் காலையில் பூங்காவுக்குப் போவோம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி கொறிப்பேன். அவள் வீசுவாள். மற்றவர்கள் விளையாடினார்கள், இவள் அடித்தாள். தட்டு பறந்துபோய்ச் சங்கிலியில் மோதும் சத்தத்துக்குக் காக்கைகள் கிளம்பிப் போகும். ஒவ்வொரு மோதலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். அது என்ன என்று நான் கேட்டதில்லை. அவன் கழுத்து என் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று நானும் தினமும் கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டே யோசிக்கிறவள்தானே.

ஒருநாள் வீச்சு பிசகித் தட்டு குளத்தோரப் புதருக்குள் போனது. முழங்கால் சேற்றில் தேடியும் கிடைக்கவில்லை. சனியன் தொலைந்தது என்று எனக்குச் சந்தோஷம். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அடுத்த ஞாயிறு பூங்காவுக்குள் நுழையும்போதே மேனேஜர் கையாட்டினார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரும் பார்க்காத இடத்தில் தன் வீச்சு தவறினாலும் தானே சொல்லிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் மனிதர். அவர் கையில் அந்தத் தட்டு.

"கிடைச்சிடுச்சும்மா! புதருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. உன் நம்பர் எங்கிட்ட இல்ல பாரு, இதுல இருந்த நம்பருக்கே கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

நான் தட்டைச் சுட்டிக் காட்டினேன். "சார், அது அடிச்ச நம்பர் சார்! கோடு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"கோடு இருந்தது. ஆனா புது நம்பர் எதுவும் எழுதலையே? அப்ப பழையவர்தானே சொந்தக்காரர்? உன் வீட்டுக்காரராமே, ரொம்ப நல்லாப் பேசினாரும்மா. நேர்லயே வந்து வாங்கிக்கறேன்னு..."

மேனேஜருக்குப் பின்னால் கொட்டகை நிழலிலிருந்து அவன் எழுந்து வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"நல்லா இருக்கீங்களாக்கா? ஒரு பொருளைத் தேடி வந்தேன். பாருங்க, என் பொருள் ரெண்டுமே ஒரே இடத்துல இருக்கு."

"ஓடுடி!" என்று கத்தினேன். அவள் திரும்புவதற்குள் பின்னலைப் பிடித்துவிட்டான். கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து, அவள் தலையைக் கூடைக் கம்பத்தில் மோதினான். சங்கிலியெல்லாம் குலுங்கியது. பழைய தையல் தழும்பு பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நான் தண்ணீர் பாட்டிலால் அவன் பிடரியில் அடித்தேன், ஸ்டீல் பாட்டில். திரும்பி என் வாயில் ஒரு குத்து விட்டான். பல்லைத் துப்பிவிட்டு மறுபடி பாய்ந்தேன், ஆனால் மேனேஜர் பின்னாலிருந்து என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா, வேண்டாம்! புருஷன் பொண்டாட்டி விஷயம். பேசித் தீர்த்துக்கலாம்."

"பேசறதா? யோவ், விடுய்யா! கொன்னுடுவான்யா அவளை!"

அவர் விடவில்லை. அவர் கையைக் கடித்தேன்; அப்போதும் விடவில்லை.

அவன் அவளைத் தன் கார் பக்கம் இழுத்தான். அவள் கூடைக்குக் கீழே கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஷூ காலால் அவள் விரல்களை மிதித்தான். ஒருமுறை இல்லை, நசுங்கும்வரை மிதித்தான். இடது கை விட்டது. வலது கையைப் பிரிக்கக் குனிந்தான்.

குனிந்ததுதான் அவன் செய்த தப்பு. அவள் கம்பத்தை விட்டுவிட்டு அவன் தலைமயிரைப் பிடித்து எழுந்தாள். கூடையின் இரும்பு விளிம்பில் அவன் முகத்தை இறக்கினாள். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி இறக்கினாள். அவன் தொய்ந்ததும் தலையைச் சங்கிலிகளுக்கு நடுவே திணித்து, இரண்டு சங்கிலிகளைக் கழுத்தில் சுற்றி, ஈரப் போர்வையை முறுக்குவதுபோல முறுக்கினாள். நசுங்கிய விரலாலும் முறுக்கினாள். அவன் கால் புல்லை உதைத்தது. முகம் சிவந்து, கறுத்து, நாக்கு வெளியே வந்தது.

மேனேஜரின் கை தானாகத் தளர்ந்தது. நான் ஓடினேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி தூரத்தில் என் கால் நின்றது. சாகட்டுமே என்று நின்றேன். எத்தனை நாள் ஆசை! பிறகுதான் உறைத்தது, அவன் செத்தால் இவளும் முடிந்தாள். இவ்வளவு பட்டு வெளியே வந்தவளைக் கம்பிக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டிவரும்.

"விடுடி, போதும்!"

அவள் காதில் விழவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன், அசையவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி, நீ உள்ள போயிட்டா நான் யாரோடடி சண்டை போடுவேன்? எனக்கு உன்னை விட்டா யாருடி இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். ரத்தத்துக்கு நடுவே ஒரு கண்தான் திறந்திருந்தது. கை தளர்ந்தது. அவன் கூடையிலிருந்து வழுக்கி விழுந்து, இருமி, மண்ணில் கக்கிக்கொண்டு மூச்சு வாங்கினான். அவள் புல்லில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

யாரோ போன் செய்து போலீஸ் வந்தது. அவன் முந்திக்கொண்டு, கரகரத்த குரலில், "என்னைக் கொல்லப் பார்த்தா சார் இவ," என்றான். கழுத்தைச் சுற்றிச் சங்கிலித் தடம் சாட்சிக்கு இருந்தது.

அப்போது கீழே விழுந்து கிடந்த தட்டைப் பொறுக்கிக்கொண்டு மேனேஜர் முன்னால் வந்தார். நான் கடித்த கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நான் முழுசாப் பார்த்தேன் சார். எழுதிக்குங்க. அந்தப் பொண்ணை முடியைப் பிடிச்சு இழுத்து மண்டையை உடைச்சது இவர். விரலை மிதிச்சது இவர். அவளோட அக்கா காப்பாத்த ஓடினாங்க. அவங்க கையைப் பிடிச்சு நிறுத்தினது நான். அந்தப் பொண்ணு தப்பிக்கத்தான் கழுத்தைப் பிடிச்சா. இவரை இங்க வரவழைச்சதும் நான்தான். எல்லாத்தையும் எழுதிக்குங்க." குரல் உடைந்துவிட்டது. பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பிடித்த இடம் இன்னும் வலித்தது.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டே என் தங்கச்சியிடம் திரும்பினார்.

"இவர் உனக்கு யாரும்மா?"

அவள் என் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தாள். மேனேஜரிடம் போய் நல்ல கையை நீட்டித் தட்டை வாங்கினாள். அதை அவன் மடியில் போட்டாள்.

"இந்தத் தட்டுக்குச் சொந்தக்காரர் சார்," என்றாள். "அவ்வளவுதான்."