மனைவி பெயரில் எழுதிய ஸ்பானிஷ்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத யோசனை கேட்டார். நான் பதிலை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களிடம் உதவி கேட்டால் இந்தக் கதிதான்.

2

‘மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் ஊரார் பார்வையைச் சரிசெய்தவருக்குத் தன்…’

வேண்டாம். சாமர்த்தியம் வழிகிறது.

‘வீடு முழுக்க அவர் மனைவி ஒட்டிவைத்த ஸ்பானிஷ் சீட்டுகள்…’

பொய். அந்த வீட்டில் சீட்டும் இல்லை, ஒட்டிய தடமும் இல்லை.

‘மனைவி இறந்த பிறகு அவர் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினார்.’

இது உண்மை. இதுவே போதும்.

3

ஸ்பானிஷில் மேசை பெண் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. நம் மொழியில் மேசையும் நாற்காலியும் சிவனே என்று அஃறிணையில் கிடக்கின்றன. அங்கே ஒவ்வொன்றையும் ஆணா பெண்ணா என்று விசாரித்தாக வேண்டும். சரி, ‘ஓ’வில் முடிந்தால் ஆண், ‘ஆ’வில் முடிந்தால் பெண் என்று உருப்போட்டு வந்தால், கைக்கான சொல் ‘ஓ’வில் முடிந்துகொண்டு நான் பெண் என்கிறது. நாளுக்கான சொல் ‘ஆ’வில் முடிந்தும் ஆண். விதிவிலக்குகளை ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதிவைத்துக்கொள்வார்.

(‘போனாள்’, ‘இருந்தாள்’ இரண்டுக்கும் ஸ்பானிஷில் ஒரே சொல் உண்டு. அதை வைத்துக் கதையை முடிக்கக் கை துறுதுறுத்தது. மலிவாகத் தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன்.)

4

அவர் மனைவிக்குத் தூர தேசத்தில் ஒரு கடிதத் தோழி. ரொட்டிக் கடை நடத்தி ஓய்ந்தவர். மருமகள் தமிழ்ப்பெண் என்பதால் தமிழ் கற்கிறார். சனிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் இங்கிருந்து ஸ்பானிஷில் ஒரு பக்கம் போகும், அங்கிருந்து தமிழில் ஒரு பக்கம் வரும். ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவார். தோழியின் கடிதம் எப்போதும் ‘உங்கள் கணவர் எப்படி இருக்கிறாள்?’ என்றே முடியும்.

மனைவி இறந்ததைத் தெரிவிக்கத்தான் தோழி கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலை அவர் திறந்தார். கேள்வியைப் பார்த்தார். துக்கத்துக்கு வந்த உறவுகள் கிளம்பிய பிறகு அவரை அப்படிக் கேட்க ஒரு நாதியில்லை. அகராதியைப் புரட்டி, மனைவி பெயரிலேயே, ‘அவர் நலமாக இருக்கிறார்’ என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரமும் கேள்வி வந்தது. அதற்காகத்தான் வகுப்பு.

(ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். ஆமாம் என்றார்.)

5

ஐந்து மாதம் ஓடியது. போன வாரம் வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

‘முன்பு எல்லாக் கடிதத்திலும் உங்கள் கணவரைத் திட்டுவீர்கள். ஐந்து மாதமாகப் புகழ்ச்சி மட்டும். இறந்தவரைத்தான் நாம் இப்படிப் புகழ்கிறோம். அவர் இறந்தாளா? என்னிடம் மறைக்க வேண்டாம். நான் உங்களோடு அழுகிறேன்.’

நான் சிரித்துத் தொலைத்தேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மனைவி பெயரில் எழுதியவர், மனைவி எழுதியவற்றை அதுவரை தொட்டதில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பாம். இந்தக் கடிதம் வந்த அன்று எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

“சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டேனாம். அவ வெளியூர் போய்ட்டு வந்தா எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டேனாம். எல்லாம் நிஜம்தாங்க,” என்றார். “ஆனா எங்கிட்ட ஒண்ணுகூடச் சொன்னதில்லையே.”

6

நாளை சனிக்கிழமை. பதில் போயாக வேண்டும்.

உண்மையைச் சொன்னால் தோழி அழுவார். பிறகு கடிதங்களே நின்றுபோகலாம். ஆமாம், கணவர் போய்விட்டார் என்று எழுதினால் கடிதங்கள் தொடரும். ஆனால் அவர் எப்படி இருக்கிறார் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். தோழியின் சந்தேகம் தீர, மனைவியாக உட்கார்ந்து பழையபடி தன்னைத் தானே திட்டி எழுதச் சொன்னேன். கதைக்கு அழகாக இருக்கும் என்ற சுயநலம்தான்.

“அவளுக்குத் தெரிஞ்ச அளவுக்கு என்னை எனக்குத் தெரியாதுங்க,” என்றார்.

வகுப்பு கலைந்த பின் வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ‘அன்புள்ள தோழிக்கு, என்’ என்பதுவரை தட்டியிருக்கிறார். அடுத்த சொல் ‘கணவர்’ என்றால் அவர் மனைவி இன்னும் ஒரு வாரம் உயிரோடு இருப்பார். ‘மனைவி’ என்றால் இன்றோடு இறந்துவிடுவார். என்னைப் பார்க்கிறார். எனக்குத் தைரியம் போதவில்லை, நீங்களே சொல்லுங்கள்.