நாற்பத்தெட்டு அம்புக்குறிகள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள்: முதலாளி சென்னியப்பன், ஜன்னலுக்கு முதுகு காட்டித் தன் நாற்காலியில். எதிரே, வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் சனோபர்; போன மாதம் கியூபாவின் ஹவானாவுக்குப் போய்வந்தவர். கதவோரம் ஸ்டூலின் நுனியில், குழந்தைகள் பனியன் ஒன்றை மடியில் வைத்தபடி மெண்டிங் மேசை மருதாள். கம்பெனிக் கடிதங்களை எழுதும் கைருதீனாகிய நான், கம்ப்யூட்டர் முன்னால்.

ஹவானாவிலுள்ள பெரிய அரசாங்கக் கடையிலிருந்து வந்த கடிதத்தைத் தமிழில் சொன்னேன்.

"நாற்பத்தெட்டு பனியன்களில் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருக்கிறது. அம்பு காட்டும் இடத்தை மூன்று பேர் பார்த்தோம். குறை ஒன்றும் தெரியவில்லை. என்னவென்று தெரியாமல் விற்க மாட்டோம். கையெழுத்திட்ட பதில் தாளில் வேண்டும். டெல்மிரா, இரண்டாம் மாடிப் பொறுப்பாளர்."

விஷயம் எங்களுக்குத் தெரியும். செக்கிங்கில் ஓட்டை கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மருதாள் ஊசியால் இழை சேர்த்து ஓட்டையை மூடிவிட்டு ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். நாற்பத்தெட்டையும் மூடியிருந்தார். உரிக்கத்தான் மறந்துவிட்டார்.

"சைஸ் அடையாளம்னு எழுதிப்போடு கைரு," என்றார் முதலாளி. "ஓட்டைன்னு தெரிஞ்சா அடுத்த ஆர்டர் வராது. ஆர்டர் போச்சுன்னா மெண்டிங் மேசையவே எடுத்துருவேன்."

மருதாள் மடியிலிருந்த பனியனை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீங்க அந்தக் கடையப் பாக்கலீங்க சார்," என்றார் சனோபர். "அஞ்சு மாடி. லிஃப்ட் ஓடலீங்க. நம்ம பெட்டி வந்தப்ப மேனேஜர்ல இருந்து கூட்டறவங்க வரைக்கும் படிக்கட்டுல வரிசையா நின்னு கைமாத்தி ஏத்துனாங்க."

"உன்னையும் தூக்க வெச்சாங்களா?"

"பன்னெண்டாம் படி எனக்குங்க. நடுவுல கரண்ட் போச்சு, ஒருத்தரும் முனகல. அந்த டெல்மிராம்மா ஒவ்வொரு பனியனையும் ஜன்னல்கிட்ட கொண்டுபோய், உள்ள கைய விட்டு விரிச்சுப் பாக்கறாங்க. ஒரு பாவாடைல ஒட்டுத்தையல் இருந்துச்சு. இன்ன இடத்துல தையல்னு சீட்டெழுதிக் குத்தித்தான் வித்தாங்க. வாங்குனவங்களும் படிச்சுப் பாத்துட்டே வாங்குனாங்க. நான் அப்படியே நின்னு பாத்துட்டிருந்தேனுங்க."

"இங்க சீட்டெழுதுனா கடையச் சாத்தோணும்," என்றார் முதலாளி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மருதாள் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, மூணு பேரு பாத்தும் தெரியலைன்னா எழுதியிருக்குது?"

"அப்படித்தாங்க்கா இருக்குது," என்றேன்.

"அப்பறம் பொய் எதுக்குங்க மொதலாளி? இத்தன உன்னிப்பாப் பாக்கறவங்க சைஸ் அடையாளம்னா நம்புவாங்களா? உள்பக்கம் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க, சன்னமா ஒரு முடிச்சு இருக்கும். நாளைக்கு அவங்களே கண்டுபுடிச்சா, நாம எழுதற எதையும் நம்ப மாட்டாங்க."

முதலாளி எழுந்து அவர் மடியிலிருந்த பனியனை வாங்கினார். ஜன்னலருகே போய், உள்ளே கையை விட்டு விரித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க இருக்குது?"

மருதாள் பனியனை உட்புறமாகத் திருப்பி நகத்தால் தொட்டுக் காட்டினார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இருக்கறதயே எழுது கைரு," என்றார். "மூடுனவங்க பேரையும் போடு."

ஓட்டை விழுந்தது, மருதாள் மூடியது, ஸ்டிக்கரை உரிக்க மறந்தது, உட்புறம் எங்கே பார்க்க வேண்டும் என்பது, எல்லாம் வரிசையாக எழுதினேன். வேண்டுமானால் சீட்டெழுதி விற்கலாம், வேண்டாமென்றால் மாற்றுப் பனியன் அனுப்புகிறோம் என்று முடித்தேன். மருதாள் தன் ஸ்டிக்கர் அட்டையிலிருந்து ஓர் அம்பை உரித்து, அவர் பெயர் வந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"எந்த அம்புன்னு தெரியோணுமில்லீங்க."

முதலாளி சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் கம்பெனி முத்திரை குத்தி, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டினேன். பன்னிரண்டு மணிக்கு வந்த கூரியர்காரர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.