காலியான தொட்டி

அமலோற்பவத்துக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே பயம். யூனியன் ஆபீசில் பாதி மானியம் தருகிறார்கள் என்றதும் புருஷன் ஜேசுராஜ் கொல்லையில் பள்ளம் தோண்டிக் கட்டிய சாண எரிவாயுத் தொட்டி அது. மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றினால் அடுப்பு நீலமாக எரியும். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. இவள் மட்டும் தீக்குச்சி கிழிக்கும்போதெல்லாம் மாதாவே என்று கண்ணை மூடிக்கொள்வாள். வெடித்துவிட்டால்? அவள் பயமெல்லாம் நெருப்பைப் பற்றித்தான். பாவி மகளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

எண்பத்து நாலில், அறுவடைக் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்த வாரம், அடுப்பு எரியாமல் நின்றுபோனது. தொட்டி கட்ட வழி சொன்ன ஆபீசர் மாற்றலாகிப் போயிருந்தார். வயலிலும் வேலை இல்லை. ஜேசுராஜுக்குக் கை சும்மா இருக்குமா?

"அடியில சாணி இறுகிக் கெடக்கு. எல்லாத்தையும் அள்ளி வெளிய ஊத்திட்டு, எறங்கிச் சொரண்டிடுறேன்."

"ஐயோ, வேணாங்க. வலங்கைமான் லைப்ரரில இதப் பத்தி ஏதாச்சும் புஸ்தகம் இருக்கும். நான் பாத்துட்டு வந்துடுறேன்."

"சாணிக்கு ஒரு புஸ்தகமா? போயிப் படிச்சுட்டு வாங்க கலெக்டரம்மா. நான் அதுக்குள்ள அள்ளி வைக்கிறேன்."

"பீடி மட்டும் பத்த வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

நூலகர் காதர் மைதீன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விவசாய அலமாரியைக் காட்டினார். அங்கே உரம் இருந்தது, பூச்சிமருந்து இருந்தது, ஆடு வளர்ப்புகூட இருந்தது. அறிவியல் அலமாரியில் ராக்கெட் படம். நிலாவுக்குப் போக வழி சொல்லி வைத்திருக்கிறார்கள், கொல்லைத் தொட்டிக்கு ஒன்றையும் காணோம்!

அவள் நகர்வதாக இல்லை. "சூரிய அடுப்பு, காத்துல கரண்டு எடுக்குறதுன்னு ரேடியோவுல சொல்றாங்களே, அந்த மாதிரி ஏதும் வரலீங்களா?"

காதர் மைதீன் தலையைச் சொறிந்தார். "மெட்ராஸ்லேருந்து ஒரு கட்டு வந்துச்சும்மா. பிரிக்கவே இல்ல."

பீரோவுக்குப் பின்னாலிருந்து கட்டை இழுத்துப் போட்டு இருவருமாகச் சணலை அறுத்தார்கள். காடுகள் அழிந்தால் மழை என்னாகும் என்று ஒன்று. காற்றாலை ஒன்று. சூரிய அடுப்பு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் மெலிசாக ஒன்று: சாண எரிவாயு.

புரட்டினாள். தொட்டிக்குள் ஒரு ஆள் நிற்கிற படம். அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அவளுக்கு. விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தாள்.

"காலி செய்த பிறகும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. நெருப்பில்லாமலே ஆளைக் கொல்லும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் சாவார்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயா, எங்க வீட்டுல இப்ப அள்ளிக்கிட்டு இருக்காரு. அள்ளி முடிச்சா எறங்கிடுவாரு."

அந்த மனுஷன் நல்லவர். கதவைக்கூடப் பூட்டவில்லை, சைக்கிளை எடுத்துவிட்டார். பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு வாயில் ஜெபம் வரவில்லை. கூலி கேட்டுப் போகிற ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. "வழி விடுங்கய்யா, உசுருக்கு ஆபத்து!" என்று அவர் கத்தக் கத்த, கூட்டத்தில் புருஷன் முகம் தெரியாதா என்று தேடிக்கொண்டே வந்தாள். தெரியவில்லை.

கொல்லையில் தொட்டி வாயருகே துரைராசு சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன்தான். பண்ணையின் உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது வரப்புக்காக ஜேசுராஜ்மேல் அரிவாள் ஓங்கினவன். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"ஜேசுராஜு உள்ள விழுந்து கெடக்கான்! கூப்பிட்டாப் பேச மாட்டேங்குறான்!" என்று ஒரு காலை உள்ளே வைத்தான்.

எட்டிப் பார்த்தாள். கீழே இருட்டில் புருஷனின் முதுகு தெரிந்தது. அசைவே இல்லை. தூக்கு, தூக்கிடு என்று அவள் உடம்பு முழுக்கக் கதறியது. ஆனால் கை துரைராசுவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"எறங்காதீங்கண்ணே! நீங்களும் செத்துடுவீங்க!"

"பைத்தியமா ஒனக்கு? உள்ள கெடக்கறது ஒம் புருஷன்!"

அவன் உதறினான். அவள் விடவில்லை. ஐயோ, தப்பாகப் படித்திருந்தால்? ஒரு சொல்லை விட்டிருந்தால்? கட்டிய புருஷனை நானே சாகவிடுகிறேனா? பிடி மட்டும் தளரவில்லை. காதர் மைதீன் ஓடிவந்து துரைராசுவின் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார். பிறகு மூவருமாக முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை விட்டு, ஜேசுராஜின் இடுப்பு பெல்ட்டில் மாட்டி, வெளியிலிருந்தே மேலே தூக்கினார்கள்.

"டேய் ஜேசு, கண்ண முழிடா" என்று துரைராசு மார்பை அமுக்கி அமுக்கி அழுதான். ஜேசுராஜ் முழிக்கவில்லை.

சத்தம் கேட்டு துரைராசுவின் மனைவி பொன்னுத்தாய் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். கிடந்தவனைப் பார்த்தாள், அழுகிற தன் புருஷனைப் பார்த்தாள். காதர் மைதீன் நடந்ததைச் சொன்னார். அவள் விழுந்து அமலோற்பவத்தின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அமலோற்பவம் குனிந்து அவளைத் தூக்கிவிட்டாள்.

"அண்ணன அழச்சிட்டுப் போங்கக்கா. ஒங்களுக்கு வீட்டுக்கு அழச்சிட்டுப் போறதுக்கு ஆள் இருக்கு."