தண்ணீர் குடித்த நரி

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் அச்சகம் நடத்தும் கியாசுதீன், மாதம் ஒருமுறை சிறு பத்திரிகை ஒன்றையும் வெளியிட்டு வந்தார். அதில் ‘அச்சத்தின் சொற்கள்’ என்னும் பகுதியை எழுதுபவர் ஸ்ரீரங்கத்துத் தாயுமானவன். அதே அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவர். ஒரு சொல்லைக் கண்டால் அதன் பிறந்தவீடு, புகுந்தவீடு இரண்டையும் விசாரிக்காமல் விடமாட்டார். கசப்பு, உவர்ப்பு என நாவில் பிறந்த சுவைப் பெயர்கள் மனத்தின் வெறுப்புக்கும் பெயரான விதத்தை ஒரு மாதம் எழுதினார். அச்சத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஆதியில் போர்க்களத்தை விட்டு ஓடுவதைக் குறித்தது என்று மறுமாதம் எழுதினார். கட்டுரை எதுவானாலும் கடைசியில் ஒரு குட்டிக் கதையும் அதற்கொரு நீதியும் இருந்தாக வேண்டும். வாசகர்களுக்கும் அதுவே பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் அச்சகத்துக்குள் நுழைந்ததும் கியாசுதீன் ஓர் உறையை நீட்டினார்.

“அண்ணே, உங்களுக்கு லெட்டர். வந்து அஞ்சு நாளாச்சு, பேப்பர் கட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. யாரோ ரசிகை போல, வீட்ல காட்டிடாதீங்க!”

சிரித்துக்கொண்டே பிரித்தவரின் முகம் இரண்டாம் வரியில் மாறியது.

‘ஐயா, என் வீட்டுக்காரர் தர்மராஜை எட்டு நாளைக்கு முன் தெருநாய் காலில் கடித்துவிட்டது. மூன்றாம் நாள் அந்த நாய் செத்துக் கிடந்தது. ஊசி போடலாம் என்றால் இவர் வரமாட்டேன் என்கிறார். பயந்துபோயிருந்த நேரத்தில்தான் உங்கள் கட்டுரையைப் படித்தோம். தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிறேன். உங்கள் நரியைப் போலவே மடமடவென்று குடிக்கிறார். வயிற்றில் பால் வார்த்தீர்கள். நன்றியுடன், ரஞ்சனி.’

கீழே திருவெறும்பூர் முகவரி இருந்தது. தொலைபேசி எண் இல்லை.

எட்டும் ஐந்தும் பதின்மூன்று. தபாலில் ஒரு நாளாவது கழிந்திருக்கும்.

வெறிநாய்க்கடி நோய்க்கு ‘நீரைக் கண்டு அஞ்சுதல்’ என்னும் பொருளில் பழையவர்கள் பெயர் வைத்த கதையைத்தான் அந்த மாதம் அவர் எழுதியிருந்தார். கடிபட்ட நரியைக் காடே ஒதுக்கி வைக்கிறது. நரி ஆற்றில் இறங்கி வயிறு முட்டக் குடிக்கிறது. சிங்கம் அதைச் சேர்த்துக்கொள்கிறது. ‘நீரைக் கண்டு அஞ்சாதவனை அந்நோய் அண்டாது’ என்பது நீதி. ஓசை நன்றாக அமைந்ததற்காக எழுதிய வரி அது. அந்த அச்சம் நோயின் கடைசிப் படி, அது வந்தபின் மீட்சியில்லை என்ற வாக்கியமும் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. நரிக்கு இடம் போதாமல் அவரேதான் அதை அடித்து நீக்கினார்.

“என்னண்ணே, வேர்க்குது உங்களுக்கு?” என்று கியாசுதீன் கேட்டபோது அவர் சந்தின் முனையைத் தாண்டியிருந்தார்.

தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. அந்த வீட்டில் தண்ணீரைக் கண்டு ஒருவன் அலறுவது போலவே அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. திருவெறும்பூரில் இறங்கி, மூன்று தெரு தவறி, நான்காவதில் கதவைத் தட்டினார்.

“யாருங்க?”

“நான் தாயுமானவன். அந்தக் கட்டுரை எழுதுனவன்.”

“ஏங்க, இங்க வாங்களேன்! நரிக்கதை சார் வந்திருக்காரு!” ரஞ்சனிக்குத் தலைகால் புரியவில்லை.

தர்மராஜ் பட்டறைச் சட்டையின் பொத்தானை மாட்டியபடி வந்தான். வெல்டர், திடகாத்திரமான ஆள். உயிரோடு, நலமாக நின்றான். தாயுமானவன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“உடனே கிளம்புங்க தம்பி. ஊசி போடணும். நான் எழுதுனது தப்பு.”

“அட, உக்காருங்க சார். நல்லாத்தானே இருக்கேன்? ரஞ்சி, அந்தச் செம்பை எடு.” ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தான். “பாத்தீங்களா? இன்னொரு செம்பு வேணுமா?”

“குடிக்க முடியுதுன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. பேர் வெச்சவங்க நோயாளியோட கடைசி நாளைப் பாத்து வெச்சுட்டாங்க. தண்ணியக் கண்டு பயம் வந்துட்டா அப்புறம் எந்த டாக்டராலயும் முடியாது. அதுக்கு முன்னாடியே போகணும்.”

“அப்ப அந்த நரி?”

“நரியே கிடையாதுங்க! நான் இட்டுக்கட்டுனது!”

தர்மராஜ் பத்திரிகையை எடுத்து நீட்டினான். நீதி வரியின் கீழ் சிவப்பு மையால் கோடிட்டிருந்தது. “அச்சடிச்சு வந்திருக்கே சார். அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணுன்னா எதை நம்புறது? தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டு எங்கப்பா துடிச்சதைப் பாத்தவன் நான். ஷிப்டுக்கு நேரமாச்சு, வரேங்க.”

“இப்ப கையிலதாங்க போடறாங்க…”

அவன் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டான். முப்பது ஆண்டு சேர்த்த சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. அறுபத்தைந்து வயதுத் தாயுமானவன் வாசற்படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தன் மகன் வயதுடையவனின் கால்களை இரண்டு கைகளாலும் பற்றினார்.

“ஐயையோ! எழுந்திருங்க சார்!” ரஞ்சனி அலறினாள். “பெரியவங்க கால்ல விழுந்தா அவருக்கு ஆயுசு குறைஞ்சிடும்!”

“ஏற்கெனவே குறைச்சுட்டேன்மா. இவரைக் கிளப்பு, அப்பதான் விடுவேன்.”

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. தர்மராஜ் காலை உதறவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் திணறினான். மெல்ல அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. “அப்படின்னா… நிஜமாவே செத்துருவேனா சார்?” என்றான்.

மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர் காயத்தைப் பார்த்தார். நாயைப் பற்றிக் கேட்டார். செத்ததென்று கேட்டதும் நிமிர்ந்தார். “பதினாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

ரஞ்சனி ஒரு கணம் தாயுமானவனைப் பார்த்தாள். “ஊர்ல இல்லைங்க டாக்டர்.”

“இல்லைங்க,” என்றார் தாயுமானவன். “நான் எழுதுனதைப் படிச்சுட்டுத்தான் வராம இருந்தாங்க.”

மருத்துவர் மருந்தை எடுத்தார். காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, தோளில் தடுப்பூசி. இன்னும் மூன்று தவணை பாக்கி, அடுத்தது மூன்றாம் நாள். “இனிமே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. முன்னாடியே வந்திருக்கணும். பாப்போம்.”

வெளியே வந்ததும் ரஞ்சனியின் குரல் மாறியிருந்தது. “சார், இவர் பிழைச்சுக்குவாரா?”

“தெரியலைம்மா.”

“அடுத்த ஊசிக்கு நாங்களே வந்துக்குறோம். நீங்க வர வேண்டாம்.”

அவர் தலையசைத்தார்.

ஆனால் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே மருத்துவமனை வாசலில், தேநீர்க் கடை மறைவில் நின்றிருந்தார். எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. ஒவ்வொரு பேருந்திலும் இறங்கியவர்களின் முகங்களை அவர் தேடிப் பார்த்தார், அவர்கள் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு ரஞ்சனி இறங்கினாள். பின்னால் தர்மராஜ், தூக்கம் கலையாத முகத்துடன், யாரையோ திட்டிக்கொண்டு இறங்கினான். அந்தத் திட்டலைக் காதாரக் கேட்டபடி தாயுமானவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரஞ்சனி அவரைப் பார்த்துவிட்டாள். அருகே அழைக்கவில்லை, போகவும் சொல்லவில்லை.