வேலிக்கு நூல் பிடித்த நாள்

மேஸ்திரி கிரிசோபரோ ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: நூல் பிடிக்கிற இடத்தில் இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர், ஒரு புல் நிற்கக் கூடாது. எர்லிந்தா ஒற்றை ஆளாக அதைச் செய்து முடித்தாள். சப்பாத்திக்கள்ளியை வெட்டிக் குவித்தாள். விறகுக் கட்டை இடம் மாற்றினாள். வான்கோழிக் கூண்டைத் தரையில் இழுத்துக்கொண்டே போய்ச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் தள்ளினாள். துணி துவைக்கும் கல்லை மட்டும் அசைக்க முடியவில்லை.

வேலி அவளுக்கு ஆடம்பரம் இல்லை. மூன்று மாதமாகக் கொல்லை வழியாக ஆட்கள் போய்வந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்கும். யாரென்று கேட்டால் பதில் வராது. போன வியாழக்கிழமை மகள் மிரேயா குளித்துக்கொண்டிருந்தபோது குளியல் மறைப்புக்கு வெளியே ஒருவன் நின்றிருக்கிறான். ஓடவில்லை. அவள் கத்திய பிறகும் சாவகாசமாக நடந்துதான் போனான். மிரேயாவுக்கு ஏழு மாதம். அவளைக் கட்டியவன் வடக்கே எங்கோ கூரை வேலை பார்க்கிறான். எர்லிந்தாவின் கணவன் அவுரேலியோ செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் இரண்டு பெண்கள். வயிற்றில் ஒன்று.

மேஸ்திரி மே இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வந்தார். முளை அடித்து நூல் கட்டினார். பிறகு ஒரு டப்பாவில் சுண்ணாம்புத் தூள் எடுத்து, தூண் நிற்கவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கைப்பிடி போட்டார். பதினோரு வெள்ளைப் புள்ளிகள்.

"ஏம்மா எர்லிந்தா, புல்லு ஏன் இப்படி மஞ்சளாக் கிடக்கு?"

"ரொட்டிச் சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு அவிச்ச தண்ணிய இங்கதானே கொட்டுறேன். சுண்ணாம்புத் தண்ணி. புல்லு கருகாம என்ன செய்யும்?"

"நீ ரொட்டி விக்கிறது ஊருக்கே தெரியும். உன் புல்லுக்கும் தெரிஞ்சிருக்கு." அவர் சிரித்துவிட்டு நூலை விரலால் சுண்டிப் பார்த்தார். "நாளைக்கு வெல்டிங் மெஷினோட வரேன். நாளைக்குச் சிலுவைத் திருநாள், கொத்தன் எவனும் வேலை செய்யமாட்டான். உனக்காக முதல் தூணை நட்டு, பத்த வச்சு, அது தலையில சிலுவையைக் கட்டி, மூணு வாணம் விடுறேன். மோலே குழம்பு வைக்கணும். கோழி போட்டு. வெறும் சாறு ஊத்தி ஏமாத்தக் கூடாது."

"வான்கோழியே அடிச்சிடறேன் மேஸ்திரி."

"அப்ப ஆறு வாணம்."

அவர் போன பிறகு எர்லிந்தா கடப்பாரையை எடுத்தாள். குழிகளைத் தானே தோண்டிவைத்தால் ஒரு நாள் மிச்சம். நாலு குழி எளிதாக இறங்கியது. ஐந்தாவது மஞ்சள் புல்லின் நடுவே விழுந்தது. முழங்கால் ஆழம் போனதும் மண் ஈரமாக வந்தது. இரண்டு மாதமாக மழை இல்லை; அவள் கவிழ்க்கிற வாளித் தண்ணீர் இவ்வளவு ஆழம் இறங்காது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று குனிந்தாள்.

வாசனை முகத்தில் அடித்தது.

அந்த வாசனை அந்த ஊரில் புதிது இல்லை. பாதி வீடுகளில் கேன் கணக்கில் திருட்டுப் பெட்ரோல் இருக்கும். சோளக்கொல்லைகளுக்கு அப்பால் அரசாங்கத்தின் எண்ணெய்க் குழாய் போகிறது. அதில் ஓட்டை போட்டு எடுப்பதற்கு ஊரில் 'பால் கறக்கிறது' என்று பேர். யார் கறக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. ரொட்டிக்கடைக்காரர் ஒருமுறை போலீசுக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் அவருடைய வண்டி நாலு கதவும் திறந்தபடி ரோட்டோரத்தில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

எர்லிந்தா கையால் மண்ணை விலக்கினாள். கறுப்பு ரப்பர் ஹோஸ், தொடை பருமன். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது துடித்தது. படுத்திருக்கிற ஏதோ ஒரு பிராணியின் வயிறு மாதிரி, நின்று நின்று துடித்தது. கடப்பாரை பட்ட இடத்தில் சின்னக் கீறல். அதற்குச் சற்றுத் தள்ளி இரண்டு ஹோஸ்களை இணைத்த இரும்புப் பட்டையிலிருந்து பொட்டுப் பொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. அது இன்றைய கசிவு இல்லை. மாதக் கணக்கில் கசிந்திருக்கிறது.

அவள் நிமிர்ந்து மஞ்சள் புல்லைப் பார்த்தாள். மேஸ்திரியின் நூலுக்குப் பக்கத்திலேயே, நூல் பிடித்த மாதிரி நேராக, கொல்லைக் கடைசியிலிருந்து முன்பக்கம் வரை ஓடியது. கொட்டிய சுண்ணாம்புத் தண்ணீர் குட்டைபோல் பரவும். நேர்க்கோட்டில் நடக்காது. மூன்று மாதமாகத் தினம் அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு போய் வாளியைக் கவிழ்த்திருக்கிறாள். ஒரு நாள்கூட இது தோன்றவில்லை.

அப்புறம்தான் அடுப்பு ஞாபகம் வந்தது. பத்தடி தூரத்தில், கொட்டகையில், மூன்று கல் வைத்து விறகு எரிந்துகொண்டிருந்தது.

ஓடினாள். தண்ணீர் ஊற்றினால் கொள்ளி சிதறிப் பொறி பறக்கும் என்ற புத்தி எங்கிருந்தோ வந்தது. மண்வெட்டியால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். பானை சாய்ந்தது.

மிரேயா வாசலில் வந்து நின்றாள். "அம்மா, என்ன பண்றே? சோளம் பாதிதான் வெந்திருக்கு."

"உள்ள போ."

"ஏன் அடுப்புல மண்ணப் போடுறே?"

"உள்ள போடி. கேஸ் பத்த வைக்காத. லைட் சுவிட்சைத் தொடாத. முன்பக்க ரூம்ல போய் உக்காரு."

மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எர்லிந்தா குழியை மூடத் திரும்பியபோது ஏவோதியோ அங்கே நின்றுகொண்டிருந்தான். அவுரேலியோவின் தம்பி. பக்கத்து வீடு. மாமனார் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்தபோது நடுவில் ஒரு கல்கூட வைக்கவில்லை. ஏவோதியோ வறுத்த பூசணி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பினான். குழியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"என்ன அண்ணி, புதையல் எடுக்குறீங்களா?"

"வேலிக்குக் குழி தம்பி."

"வேலியா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நம்மளுக்குள்ள எதுக்கு அண்ணி வேலி? நான் என்ன உங்க வான்கோழியத் திருடித் திங்கப்போறேனா?"

"ஆளுங்க கொல்லை வழியாப் போறாங்க. மிரேயா பயப்படுறா."

"எந்த ஆளுங்க?"

அவள் அவன் கையிலிருந்த விதையைப் பார்த்தாள். ஏவோதியோ இரண்டு வருஷமாகச் சிகரெட் பிடிப்பதில்லை. தேவாலயத்தில் நேர்ந்துகொண்டான் என்று அவன் மனைவி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அவன் முன்வாசலில் தகரக் கொட்டகை எழும்பியதும் அதே சமயம்தான். ஹோஸ் அந்தக் கொட்டகைக்குத்தான் போகிறது; அங்கே நெருப்பு ஆகாது. இவனிடமா வேலி வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவன் குந்தி உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, கீழே போட்டான்.

"கடப்பாரை பட்டுடுச்சா?"

"லேசா."

"பரவாயில்ல. நம்ம பசங்க பாத்துக்குவாங்க. நீங்க மூடிடுங்க." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். "நூலை ரெண்டு மீட்டர் உள்ள தள்ளிக் கட்டச் சொல்லுங்க அண்ணி. வேலியும் ஆச்சு, வேலையும் ஆச்சு. யாருக்கும் கஷ்டம் இல்ல."

"கசியுது தம்பி. நாளைக்கு மேஸ்திரி வெல்டிங் வச்சா..."

"அதை நீங்க பாத்துக்கங்க."

"நீயே அவர்கிட்ட சொல்லேன், வேண்டாம்னு."

"நான் சொன்னா ஏன்னு கேப்பான். ஏன்னு கேட்டா நாங்க பதில் சொல்லணும். எங்க பதில் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" மிச்ச விதையை அவள் கையில் கொட்டினான். "மிரேயாவுக்குக் குடுங்க. பிள்ளைத்தாச்சிக்கு நல்லது."

அவன் போன பிறகு அவள் ஐந்தாவது குழியை மூடினாள். ஈர மண்ணை மிதித்து மிதித்துக் கெட்டித்தாள். மூடினாலும் வாசனை போகவில்லை. போனதாக அவளுக்குத் தோன்றவில்லை. நூலை இரண்டு மீட்டர் இல்லை, இருபது மீட்டர் தள்ளினாலும் வெல்டிங் பொறி எவ்வளவு தூரம் பறக்கும், இந்த ஆவி தரையோடு எவ்வளவு தூரம் ஊரும் என்று அவளுக்குத் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒருமுறை ஓடையில் பெட்ரோல் ஓடியபோது வாளியோடு போனவர்கள் திரும்பவில்லை. அடக்கத்துக்கு இவள்தான் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். பெட்டிகள் எல்லாம் கனமே இல்லாமல் இருந்தன.

மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லலாம். ஆனால் கிரிசோபரோ இரண்டு கிளாஸ் உள்ளே போனால் சேவலிடம்கூட ரகசியம் சொல்லுகிற மனுஷன். தவிர, இந்த ஊரில் யாருடைய மருமகன் யாருக்கு வண்டி ஓட்டுகிறான் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தவன் எவனும் உயிரோடு நிம்மதியாக இருக்கமுடியாது. அவருக்கும் அந்தப் பாரம் வேண்டாம்.

மூன்று மணிக்கு அவர் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் நாளைக்கான சிலுவை சாய்த்துவைத்திருந்தது. மேஸ்திரியின் மனைவி கந்தேலாரியா அதற்குக் காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மகன்கள் வாணக் குச்சிகளை எண்ணிக் கட்டினார்கள்.

"மேஸ்திரி, நாளைக்கு வேண்டாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"ஏம்மா, வான்கோழி ஓடிப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மிரேயாவுக்கு உடம்பு சரியில்ல."

"அதனால என்ன? அவளா தூணைத் தூக்கப்போறா? சிலுவை உன் வீட்டுக்குன்னு பேர் சொல்லிக் கட்டியாச்சும்மா. கட்டின சிலுவையைத் திருப்புனா ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது."

"அப்ப வெல்டிங் இல்லாம நடுங்க. மரத்தூணா போடலாம்."

"இரும்பை வெட்டி அடுக்கிட்டேன். அங்க வச்சுப் பத்த வைக்கவேண்டியதுதான் பாக்கி. நீ போய் மிளகாய் வறு. காலையில ஏழு மணிக்கு வந்துடறோம், நானும் பசங்களும்."

பசங்களும். எர்லிந்தா அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். சின்னவனுக்கு ஜனவரியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

அந்த மனுஷனைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. அவுரேலியோவின் பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் கிரிசோபரோ. கல்லறையையும் அவர்தான் கட்டினார். கூலி வாங்கவில்லை.

"உங்க வேலையே வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "என் புருஷன் கல்லறை ஒரு மழைக்குத் தாங்கல. வெடிச்சு உள்ள தண்ணி இறங்குது. ஊர் சொல்லுது, சிமெண்டுல பாதி உங்க வீட்டுத் தரைக்கு வந்துடுச்சாம். செத்தவன் கேக்கமாட்டான்னுதானே? உங்க கைபட்ட சிலுவை என் மண்ணுல நிக்கவேண்டாம்."

வாணம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கந்தேலாரியாவின் மடியிலிருந்து காகிதம் ஒன்று நழுவியது.

மேஸ்திரி அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு, "குடிச்சிருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல."

"அப்பப் போயிடு."

பெரிய மகன் எழுந்தான். "அப்பா, இவள சும்மா விடுறதா?" மேஸ்திரி கையைக் காட்டி அவனை உட்காரவைத்தார். கந்தேலாரியா கதவுவரை வந்து, எர்லிந்தாவின் காலடியில் காறித் துப்பினாள். "என் வீட்டுப் பக்கம் ரொட்டிக் கூடையோட வந்துடாத. இனி உங்கிட்ட வாங்குறவ இந்தத் தெருவுல இல்ல."

எர்லிந்தா நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் நாளைக்கு வரமாட்டார்கள். அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரில் எங்கெங்கோ வாணம் வெடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. எட்டு மணிக்கு ஏவோதியோ ஒரு பிக்கப் வண்டியில் மரத்தூண்களும் கம்பி வலையும் இரண்டு ஆட்களுமாக வந்தான்.

"கேள்விப்பட்டேன் அண்ணி. மேஸ்திரிய நல்லா குடுத்து அனுப்பிட்டீங்களாமே! எங்க ஆளுங்ககிட்ட சொன்னேன், என் அண்ணி மாதிரி பொம்பளை ஊருல இல்லைன்னு." ஒரு இருபது லிட்டர் பெட்ரோல் கேனைத் தொப்பென்று வாசலில் வைத்தான். "இது உங்க பங்கு. மாசா மாசம் வரும்."

"எனக்கு வேண்டாம் தம்பி. எங்கிட்ட வண்டியே இல்ல."

"வித்துக்கங்க. வேண்டாம்னு சொல்லக் கூடாது. சொன்னா அவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

அவள் கேனை வாங்கி ஓரமாக வைத்தாள்.

ஆட்கள் நூலை அவிழ்த்து இரண்டு மீட்டர் உள்ளே கட்டினார்கள். மஞ்சள் புல் முழுவதும் ஏவோதியோவின் பக்கம் போயிற்று. தூண்கள் மளமளவென்று நின்றன. நல்ல வேலைக்காரர்கள். அவள் கேட்ட மாதிரி, ஆள் உயரத்துக்கு, இடைவெளியே இல்லாத வேலி. நடுவில் மட்டும் ஒரு கதவு.

"கதவு எதுக்கு தம்பி? நான் கதவு கேக்கலையே."

"எங்களுக்கு அண்ணி. அவசரத்துக்கு உங்க கொல்லை வழியா வெளிய போகணும்ல?"

பூட்டு அந்தப் பக்கம்தான் போட்டார்கள்.

எர்லிந்தா வீட்டுக்குள் வந்தாள். மிரேயா திரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அம்மா. தொப்பி போட்டிருக்கான் பாரு. கதவுக்குக் கீல் அடிக்கிறவன். அன்னைக்கு நின்னவன் அவன்தான்."

எர்லிந்தா திரையை விலக்கவில்லை. "நல்லாத் தெரியுமா?"

"அவன் என்னைப் பாத்து இப்பச் சிரிச்சான்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. பூவெப்லா நகரத்துக்குப் போகும் பஸ் நாலு மணிக்கு. திருநாள் அன்றைக்கு அது ஒன்றுதான். நகரத்தில் எர்லிந்தாவின் தங்கை இருக்கிறாள், ஒற்றை அறையில்.

"ரெண்டு உடுப்பு எடுத்து ரொட்டிக் கூடையில, துணிக்கு அடியில வை," என்றாள். "பையைத் தொடாத. பை எடுத்தா தெரிஞ்சுடும். ரொட்டி விக்கப் போற மாதிரிதான் போறோம். உன் பிரசவக் கார்டை எடுத்துக்கோ. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வீடு?"

எர்லிந்தா கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

வெளியே சுத்தியல் சத்தம் நின்றது. கதவு கிறீச்சிட்டது. திறந்து மூடிப் பார்க்கிறார்கள். பிறகு ஏவோதியோவின் குரல், சமையல் கொட்டகைப் பக்கத்திலேயே கேட்டது.

"அண்ணி! வேலை முடிஞ்சுது. பசங்களுக்குப் பசிக்குது, ஏதாவது இருக்கா?"

ஐந்து மணி நேரம் இருந்தது. அவள் மேல்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு தம்பி," என்றாள். "கை கழுவிட்டு வாங்க. மிரேயா தூங்குறா, சத்தம் போடாம வாங்க."