நகர மறுத்த சமையலறை

அமெரிக்காவின் ஃப்ளஷிங்கில், பேருந்துகள் திரும்பும் முனைக்கு அருகே இருந்த புதுவானம் கொரியச் சபையின் கட்டடம், 1989ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிழக்கேயும் மறு பாதி மேற்கேயும் நடந்து போனது. அந்த வாரம் முட்டைக்கோசு பெட்டி பன்னிரண்டு டாலருக்கு ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

சபைகள் எப்படிப் பிரிகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தாக் ஒக்ஹிக்குத் தெரியும். அவள் கணவர் பாங் கிசோப், கொரியாவில், பூசானில் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பிரிவுக்கே தலைவராக இருந்தவர். அவர் நடந்து வந்தால் நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே சலவைக்கடை வைத்திருந்தார். திங்கள் முதல் சனி வரை வாடிக்கையாளர்கள் அவரை, பெயர் கேட்காமல், "ஏம்ப்பா, என் சட்டை ரெடியா?" என்றார்கள். காய்கறிக் கடைக்காரர் பியோ மான்ஹோவோ ஊரில் பள்ளித் துணைத் தலைமையாசிரியர். இங்கே தக்காளியை அமுக்கிப் பார்க்கும் கிழவிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இப்படி ஆறு நாள் சுருங்கிக் கிடந்தவர்கள் ஏழாம் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தால் "உதவிக்காரர் ஐயா" என்று அழைக்கப்பட்டார்கள். அதற்கும் ஒரு படி மேலே மூப்பர் பதவி. மூப்பராகிவிட்டால் முடிவெட்டும் கடையிலும் நூடுல்ஸ் கடையிலும், செத்த வீட்டிலும்கூட "மூப்பரய்யா" என்பார்கள். கடலைத் தாண்டும்போது தொலைத்த நாற்காலியைத் திருப்பித் தருகிற ஒரே அலுவலகம் அந்தத் தேசத்தில் சபைதான். அந்த வருடம் காலியாக இருந்தது ஒரு நாற்காலி. உட்கார நினைத்தவர்கள் இரண்டு பேர்.

இதில் துவாலை எங்கே வருகிறது என்றால், புதிதாக மூப்பராகிறவர் தன் பெயரும் தேதியும் அச்சிட்ட துவாலையைச் சபையார் எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். நல்ல துவாலை சியோலிலிருந்து கப்பலில் வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஆகவே அதிகாலை ஜெபத்தில் ஆண்டவரிடமிருந்து பதில் கிடைத்துவிட்டது என்று பாங், வாக்கெடுப்புக்கு முன்பே 'மூப்பர் பாங் கிசோப் அபிஷேக நினைவாக' என்று இருநூறு துவாலைகள் வரவழைத்துவிட்டார். அதே ஜெபத்தில், இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த பியோவுக்கும் பதில் கிடைத்திருந்தது. அவருடைய துவாலைகளும் அதே கப்பலில் வந்தன.

மூப்பராக, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சபை சரிபாதியாக வாக்களித்தது. சபையை நடத்திய போதகர் மா முடிவை அறிவித்ததும் பாங் எழுந்தார்.

"போதகரய்யா, எங்க கராஜுல இருநூறு துவாலை இருக்கு. நான் என்ன செய்யறது?"

"வர்ற சட்டையெல்லாம் துடைங்க," என்றார் பியோ, உட்கார்ந்தபடியே.

"உங்க கடையில முள்ளங்கி மூட்டைக்குப் பின்னாடி என்ன அடுக்கி வெச்சிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும், ஐயா!"

அப்போதுதான் பிரசங்க மேடைக்குக் கீழே தரைவிரிப்பு கிழிந்தது. விரிசல் நடுப்பாதை வழியாக ஓடியது. கம்பியால் டோஃபுவை அறுப்பது போலச் சத்தமில்லாமல் சுவர் பிரிந்தது. கூரைச் சிலுவை நெடுக்காகப் பிளந்து, பாதிக்கு ஒரு கை என்று வழிகாட்டிப் பலகை போல நின்றது. ஜனங்கள் முன்னால் பாடிக்கொண்டு நடக்க, பாதிக் கட்டடங்கள் பின்னால் போயின. பின்விளக்கு இல்லை என்று போக்குவரத்துக் காவலர் இரண்டையும் எச்சரித்தார். பாங்கின் பாதி பேருந்துப் பணிமனைக்கு அருகிலும், பியோவின் பாதி மரச்சாமான் கடைக்கு அருகிலும் போய் உட்கார்ந்தன. வெட்டுப்பட்ட மரத்தில் பட்டை மூடுவது போல, திறந்து கிடந்த பக்கத்தில் புதுச்சுவர் வளர்ந்தது. ஒன்றின் பெயர்ப்பலகை 'முதல் புதுவானம்' என்றது. மற்றது 'மெய்யான முதல் புதுவானம்'. மா போதகர் ஞாயிறு பதினொரு மணிக்கு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நின்று ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கித்தார். இரு பக்கத்துக்கும் பிடித்தமாகப் பேசுவதில் அவருக்கு வெகுநாள் பழக்கம் இருந்ததால் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

சமையலறை மட்டும் நகரவில்லை. விரிசல் வாசற்படி வரை வந்தபோது ஒக்ஹியும் பியோவின் மனைவி சொன் ஜம்ரேயும் மதியச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி முள்ளங்கி சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஜம்ரே கரண்டியை ஓங்கினாள். "உள்ள வந்து பாரு, மண்டையிலயே போடுவேன்," என்றாள். விரிசல் சற்று யோசித்துவிட்டு நின்றுவிட்டது. காலி மனையின் நடுவே, நாலு சுவரும் ஒரு கூரையும் ஆளுயர அண்டாவுமாகச் சமையலறை தனியே நின்றது.

ஆளுக்கொரு பாதியில் மூப்பராகிவிட்ட இருவரும் துவாலை கொடுத்து முடித்த அன்றே மனைவிமாருக்குத் தடை போட்டார்கள். அந்தப் பக்கம் போகக் கூடாது, அவளோடு பேசக் கூடாது. பாங்குக்கு அது சின்ன விஷயம். ஒக்ஹிக்கு அப்படியில்லை. சலவைக்கடையின் பின்னறையில் ஆறு நாளும் நீராவிக்கு நடுவே காற்சட்டை விளிம்பு தைக்கிறவள் அவள்; ஜம்ரே நிலவறையில் முள்ளங்கி கழுவுகிறவள். வெங்காயம் உரித்தபடி பதினோரு வருடமாக அவர்கள் பேசிய ஞாயிற்றுக்கிழமைதான் ஒக்ஹிக்கு வாரம் முழுவதும். ஆராதனை அதற்கான முன்னுரை. அது போனால் இந்தத் தேசத்தில் தனக்கு வாய் எதற்கு என்றே அவளுக்குப் புரியவில்லை.

புதிய சபையில் அவளுக்கு ஒரு கேஸ் அடுப்பும் புத்தம் புதிய அண்டாவும் கொடுத்தார்கள். தண்ணீர் கொதிக்கவில்லை. நெருப்பு எரிந்தது, அண்டா சுட்டது, தண்ணீர் மட்டும் குளம் போல அசையாமல் கிடந்தது. மரச்சாமான் கடைப் பக்கமும் இதே கதை என்று செய்தி வந்தது. சபையாருக்கு ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். வேதவசனம் இல்லாமல்கூட ஒரு கொரியச் சபை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். மதியச் சாப்பாடு இல்லாமல் மூன்று வாரம் தாங்காது. நான்காம் ஞாயிறு பாதி இருக்கைகள் காலி. அன்று காலை ஒக்ஹி ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஜின்சு அம்மா, எங்க போற? மூப்பர் பொண்டாட்டி நீ. ஊரு என்ன சொல்லும்?" என்று, பிள்ளையின் பெயர் சொல்லி மனைவியைக் கூப்பிடும் வழக்கப்படி, பாங் மறித்தார்.

"கொதிக்காத தண்ணிக்கு மூப்பர்னு சொல்லும். எனக்கு வாரத்துல ஒரு நாள்தாங்க வாய் திறக்குது. கடையில பட்டன்கூட எவ்வளவு நேரந்தான் பேசறது?"

"போனா திரும்பி வராதே!"

"வரமாட்டேன். பசிச்சா நீங்க வாங்க."

அவள் போனபோது சமையலறைப் புகைபோக்கியில் ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது. ஜம்ரே திரும்பிப் பார்க்காமலே, "மூணு வாரக் கதை பாக்கி இருக்கு. வெங்காயத்தை எடு," என்றாள்.

"அக்கா, நீங்க எப்படி வந்தீங்க?"

"அந்த மனுஷன் தூங்கும்போது செருப்பை ஒளிச்சு வெச்சுட்டு வந்தேன். பின்னாடி வரணும்னா வெறுங்காலோட வரட்டும்."

சூப் கொதித்தது. வாசனை கிழக்கேயும் மேற்கேயும் போனது. பிரசங்கத்தின் நடுவில் பாங்கின் சபை ஒரு குலுங்கு குலுங்கி, மாடு தொழுவத்துக்குத் திரும்புவது போல மெதுவாக நடக்கத் தொடங்கியது. பாங் நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் எங்கேயும் போகலை. கட்டடம்தான் போகுது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எதிர்த் திசையிலிருந்து பியோவும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார், வெறுங்காலோடு. மானம் காக்க வேண்டியிருந்ததால் இரண்டு கட்டடங்களும் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தன; பின்சுவர்களில் மட்டும் ஆளுக்கொரு ஜன்னல் திறந்தது. ஒக்ஹி ஒரு ஜன்னலிலும் ஜம்ரே மறு ஜன்னலிலும் கிண்ணங்களை நீட்டினார்கள். சூப் யார் வீட்டுக் கையால் வந்தது என்று எந்த மூப்பரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் தேர்தல்கள் நடந்தன, துவாலைகள் கப்பலில் வந்தன, சபைகள் பிரிந்து போய்ப் பசித்துத் திரும்பின. இன்று அங்கே சமையலறையைச் சுற்றி முதுகு காட்டி ஏழு சபைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஏழுக்கும் ஒற்றைக் கைச் சிலுவை. மூப்பராகாத ஆண் அந்த வட்டாரத்தில் அநேகமாக இல்லை. கொடுத்து மிஞ்சிய துவாலைகளெல்லாம் பாத்திரம் துடைக்கச் சமையலறைக்கு வந்து சேர்ந்தன. போன ஞாயிறு பாங் இரண்டாவது கிண்ணத்தை முடித்துவிட்டு, ஜன்னலில் கிடந்த துவாலையை எடுத்து வாயைத் துடைத்தார். 'மூப்பர் பியோ மான்ஹோ அபிஷேக நினைவாக' என்றிருந்தது. படித்தார். எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து வைத்தார்.

"ஜின்சு அம்மா," என்றார் ஜன்னல் வழியாக, "இன்னும் ஒரு கரண்டி."

உள்ளே பேச்சு சுவாரசியமாக இருந்ததால் அவர் சிறிது நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.